சம்பந்தியின் நான்கு நீர்மூழ்கிகள்

என் பெயர் மங்களம். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக வேலை. அரிசி, முட்டை, வெங்காயம், கயிறு, பெயிண்ட் என்று எந்தக் கப்பல் எதைக் கேட்டாலும், அது நங்கூரம் தூக்குவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. உருளைக்கிழங்கு அழுகிவிட்டது என்று பொய்ப் புகார் சொன்ன ஒரு கிரேக்கக் கேப்டன், என்னோடு பத்து நிமிஷம் பேசிய பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னும் இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு போனார். பேச்சில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு மனிதர் முன்னால் மட்டும் எட்டு மாதமாகப் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தேன். அவர் அம்பலவாணர். இந்த ஊர்க் கடற்படையில் இருபத்தேழு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் கவிப்ரியா கட்டிக்கொள்ளப்போகும் உமாசுதனின் அப்பா. பூர்வீகத்தில் அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் மாப்பிள்ளையைப் பெற்றவர் மாப்பிள்ளையைப் பெற்றவர்தானே. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "சரிங்க".

மண்டபம் அவர் சொன்னது. சரிங்க. சாப்பாடு அவர் சொன்ன ஆள். சரிங்க. புடவை நிறம்கூட அவர் சொன்னது, அதற்கும் சரிங்க. கடைசியாக, கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் மார்சிலிங்கில் தங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றார். கவிப்ரியா நர்ஸ். எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணி ஷிப்ட். நாங்கள் இருப்பது எங்கள் தீவின் தெற்கில், மார்சிலிங் அதன் வடக்கு மூலை. ரயிலில் வருவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகத் தெலுக் பிளாங்காவில் ஒரு மூவறை வீட்டைப் பார்த்து மனசுக்குள் திரைச்சீலைகூட மாட்டிவிட்டார்கள். எல்லாம் தெரிந்தும் நான் என்ன சொன்னேன்? அதே "சரிங்க"தான்.

உமாசுதன் நல்ல பையன். ஆனால் அப்பா முன்னால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கவிப்ரியா என்னைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அவள் சொன்னது இது:

"ம்மா, ஆபீஸ்ல எல்லாரையும் அந்தக் கத்து கத்துறீங்க. அங்கிள்கிட்ட ஒரே ஒரு தடவ முடியாதுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க. சண்டேக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா மேடையில மைக்க வாங்கி நானே சொல்லிடுவேன். அப்புறம் என்கேஜ்மென்ட் நடந்தா நடக்கட்டும், நடக்காட்டி போகட்டும்."

அவள் சொன்னால் செய்வாள். யார் வயிற்றில் பிறந்தவள்!

மறுநாள் வியாழக்கிழமை காலை என் முதலாளி என்னை ஃபேரர் பார்க்கில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார். கடல்சார் ஆய்வு மையம் ஒன்று அங்கே இரண்டு நாள் போர் விளையாட்டு நடத்தியது. விளையாட்டு என்றால் பிள்ளை விளையாட்டு இல்லை. நவீன கடற்படை ஒன்று, பகை பாராட்டும் பக்கத்து நாட்டை எப்படிச் சமாளிக்கும் என்று வரைபடத்தின் மேல் காய் நகர்த்திப் பார்ப்பது. துறைமுகம், காப்பீடு, கப்பல் கம்பெனி என்று பல இடங்களிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சும்மா ஓரமாக உட்கார்ந்து ஏசியில் டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன்.

நடுவர் பெயர் ஆரிஃப். சின்ன வயசு, மெல்லிய குரல், எதையும் மூன்று தடவை உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆள். இந்த நாடுகள் எந்த உண்மை நாட்டையும் குறிப்பவை அல்ல என்று தொடங்கும்போதே மூன்று தடவை சொன்னார். வரைபடமும் அப்படித்தான், எந்தக் கரையும் எந்தக் கரையையும் நினைவுபடுத்தாதபடி பிய்த்துப் போட்ட முர்தபா ரொட்டி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு நீரிணை. தெற்கே நீல நாடு, வடக்கே சிவப்பு நாடு. சிவப்புதான் பகை நாடு. அதன் கடற்படைத் தளபதியாக இருக்க வேண்டிய பேராசிரியர் டெங்குவில் படுத்துவிட்டார். ஆரிஃப் என் பெயர் அட்டையைப் பார்த்தார். கடற்படைக்காரர் மாதிரி யோசிக்காத ஆள் ஒருவர் எதிரியாக இருந்தால் நல்லது என்று சொல்லி, சிவப்புத் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டார்.

நீலத் தளபதி யார் என்று எதிர் மேசையைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அம்பலவாணர்.

அவர் எழுந்து தலையசைத்தார். "குட் மார்னிங், மிசஸ் தங்கராஜு." எட்டு மாதமாக அதுதான் அவர் என்னைக் கூப்பிடும் விதம். சம்பந்தி என்று கூப்பிட ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

நான் கழிப்பறைக்குப் போய் என் கணவருக்குப் போன் போட்டேன். தங்கராஜு ரயில் பணிமனையில் மேற்பார்வையாளர். சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர்.

"தோத்துடு மங்களம்," என்றார். "ஞாயித்துக்கிழமை விசேஷத்த வச்சிக்கிட்டு சம்பந்திய ஜெயிக்கலாமா? பேசாம தோத்துடு லா."

சரியென்று தோற்க உட்கார்ந்தேன்.

ஆட்டம் எளிது. இரண்டு பக்கமும் தங்கள் உத்தரவை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு விளைவைச் சொல்லும். ஒரு சுற்று, போரில் ஒரு நாள். நீலத்திடம் இருந்ததைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ராடாரில் சிக்காத ஆறு போர்க்கப்பல்கள், நான்கு நீர்மூழ்கிகள், ஆளில்லாப் படகுகள், கண்ணிவெடி தேடும் கருவிகள், இருநூறு கிலோமீட்டர் தாண்டி அடிக்கும் ஏவுகணைகள். என்னிடம் மூன்று பழைய போர்க்கப்பல்கள், சில ஏவுகணைப் படகுகள், ஒரு கிழட்டு நீர்மூழ்கி, கணக்கில்லாத மீன்பிடிப் படகுகள். தோற்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

முதல் சுற்றில் என் மூன்று கப்பல்களையும் பட்டப்பகலில், எல்லா ராடாரையும் போட்டுக்கொண்டு, நீரிணையின் நட்டநடுவே அனுப்பினேன். ஏவுகணைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்கும் கப்பல்கள். மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆரிஃப் விளைவைப் படித்தார். நீலக் கடற்படை, பதற்றத்தைக் குறைக்கும் பொருட்டு, முப்பது கடல் மைல் பின்வாங்கியது.

இருபத்தேழு வருஷ அனுபவக்காரர் ஏதோ பொறி வைக்கிறார் என்று நினைத்து, நல்லது என்று அந்தப் பொறியைத் தேடித் தேடிக் காலை விட்டேன். அடுத்த சுற்றில் ஏவுகணைப் படகுகளை எரிபொருள் பாதி நிரப்பி அனுப்பினேன். நீலம் தன் நான்கு நீர்மூழ்கிகளையும் ஒரே நாளில் பராமரிப்புக்கு என்று துறைமுகத்துக்கு அழைத்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் இசைக்குழுவோடு ஒரு பயிற்சிக் கப்பலை அனுப்பினேன். அதற்கும் வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சிவப்பு நாட்டிடம் முழு நீரிணையும், இரண்டு தீவும், ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தன. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு துணிச்சலான தளபதியைத் தன் ஆராய்ச்சியில் கண்டதில்லை என்றார் ஆரிஃப். அம்பலவாணர் வந்து கை குலுக்கினார். நான், "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று உளறிவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. மனோரஞ்சிதம், அம்பலவாணரின் மனைவி. நல்ல மனுஷி, மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"மங்களம், ஏன் இவரைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்கள்? முகம் விழுந்துபோய் வந்திருக்கிறார்."

"ஐயோ, நான் எங்கங்க அடிச்சேன்? அவர்தானே பின்னாடி பின்னாடி போனாரு!"

"அது நான் சொன்னது. பெண்ணைப் பெத்தவவைச் சபையில வெண்டு போட்டு வந்து நிக்காதேங்கோ, சனம் சிரிக்கும், விட்டுக்குடுங்கோ எண்டு காலமை இவர் அங்க இருந்து போன் எடுக்கேக்கயே சொன்னனான். இவ்வளவு எடுப்பீங்கள் எண்டு ஆர் கண்டது?"

அப்படியென்றால் அவரும் தோற்கத்தான் வந்திருக்கிறார். இரண்டு கடற்படைகளும் ஒரே நாள் முழுக்க, கல்யாண வீட்டு வாசலில் நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று நிற்கிற மாதிரி நின்றிருக்கின்றன. நான் மரியாதைக்குத் தோற்றால் அது பண்பு. அவர் எனக்குப் பிச்சை போடுவதா?

மனோரஞ்சிதம் நிறுத்தவில்லை. பேச்சு எங்கெங்கோ போய் மார்சிலிங்கில் வந்து நின்றது. "உங்களுக்கு ஒண்டு சொல்லட்டா? எங்கட ஆக்களில மாப்பிள்ளைதான் பெண் வீட்டுப் பக்கம் போய் இருக்கிறது. இவரும் கலியாணம் கட்டிப் பதினொரு வருஷம் செம்பவாங்கில எங்கட அப்பா வீட்டிலதான் இருந்தவர். நீங்கள் பெடியனை உங்கட பக்கம் கேப்பீங்கள், அப்ப மறுத்துக் கதைக்கலாம் எண்டு இவர் எட்டு மாசமாய் ஆயத்தமாய் நிக்கிறார். நீங்களோ கேக்கவே இல்லை. எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்க. இவருக்கு அது பெரிய சந்தேகம். மனசில என்னத்தை வச்சிருக்கினமோ எண்டு."

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எட்டு மாதமாக எங்கள் ஊர் வழக்கத்தைக் கட்டிக்கொண்டு நான் குனிந்தேன். அவர்கள் வழக்கப்படி குனிய வேண்டியது அவர். எனக்குச் சொந்தமான கடலை, எதிரி கேட்பதற்கு முன்பே, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆரிஃப் காய்களையெல்லாம் பழைய இடத்தில் வைத்தார். நேற்று நடந்ததை அவருடைய கம்ப்யூட்டரே ஏற்றுக்கொள்ளவில்லையாம். நான் நேராக நீல மேசைக்குப் போனேன்.

"நேத்து எனக்கு விட்டுக்குடுத்தீங்களாமே?"

அவர் முகம் சிவந்தது. "நீங்களும் சாகவெண்டுதானே கப்பலை அனுப்பினீங்கள்? எனக்கு விளங்காதெண்டு நினைச்சீங்களோ?"

"இன்னிக்கு நான் விட மாட்டேன்."

"நானும் விடன்."

அன்று நான் போர்க்கப்பல்களைத் தொடவே இல்லை. கப்பலில் எத்தனை ஏவுகணை இருக்கிறது என்று தளபதிக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு வெங்காயம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கீரை நாலு நாள், தக்காளி ஒரு வாரம், முட்டை மூன்று வாரம். கப்பலுக்கே இப்படியென்றால், சாப்பாட்டையெல்லாம் வெளியிலிருந்து வாங்கும் நீலம் மாதிரி ஒரு சின்ன நாட்டுக்கு? நாற்பது மீன்பிடிப் படகுகளை அனுப்பி நீரிணை முழுக்க எதையாவது போட்டுவிட்டு வரச் சொன்னேன். பத்துப் படகு போட்டது கண்ணிவெடி. முப்பது படகு போட்டது காலி எண்ணெய்ப் பீப்பாய். எது எங்கே என்று எனக்கே தெரியாது.

காப்பீட்டுக்காரர் உடனே நீரிணையைப் போர்ப் பகுதி என்று அறிவித்தார். நேற்றுக் கைதட்டியவர்தான். காப்பீடு இல்லாமல் சரக்குக் கப்பல்கள் அப்படியே நின்றன. அம்பலவாணர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆளில்லாப் படகுகளை இறக்கி, ஒவ்வொரு பீப்பாயாகத் தேடிப் பிடித்து, எது வெடி எது தகரம் என்று பார்க்கத் தொடங்கினார். கூடவே இரண்டு ஏவுகணையில் என் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார். அவருடைய நான்கு நீர்மூழ்கிகளும் என் துறைமுக வாசலில் வந்து உட்கார்ந்தன. எப்போது வந்தன என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. மனுஷனின் கைவண்ணம் அது, வாய்விட்டுப் பாராட்ட வேண்டியதுதான்.

"சம்மந்தி!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "உங்கட சப்மரீன் போச்சு!"

"போகட்டும்! அது பழசு! உங்க ஊர்ல முட்டை இருக்கான்னு பாருங்க!"

சொன்ன பிறகுதான் அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது உறைத்தது. என் கப்பலை மூழ்கடித்த சந்தோஷத்தில் வந்திருந்தாலும், வந்துவிட்டது.

நான்கு மணிக்கு ஆரிஃப் ஆட்டத்தை நிறுத்தினார். சிவப்பிடம் மிதக்கிற கப்பல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீலத்தின் ஆறு கப்பல்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நீலத் துறைமுகத்துக்கு ஒன்பது நாளாக ஒரு சரக்குக் கப்பலும் வரவில்லை, பீப்பாய்கள் இன்னும் பதினேழு பாக்கி. இனி ஜெயிக்க யாராலும் முடியாது, பேசித்தான் தீர்க்க வேண்டும் என்றார். நடுவில் ஒரு மேசை போட்டு இரண்டு தளபதிகளையும் எதிரெதிரே உட்கார வைத்து, சிவப்பின் நிபந்தனைகளை முதலில் கேட்டார்.

மீன்பிடி உரிமை, ஒன்று. துறைமுக முற்றுகையை விலக்குவது, இரண்டு. அம்பலவாணர் இரண்டுக்கும் தலையசைத்தார். மூன்றாவதை நான் தமிழில் சொன்னேன்.

"எம்பொண்ணு மார்சிலிங்குக்கு வர மாட்டா. முடியாதுங்க."

சொல்லிவிட்டேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மார்சிலிங் வரைபடத்தில் இல்லையே என்று ஆரிஃப் தேடிக்கொண்டிருந்தார்.

"எந்தச் சட்டத்தில?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"உங்க சட்டத்துலதான். உங்க ஆளுங்க வழக்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுப் பக்கம் வரணும். நீங்க பதினொரு வருஷம் செம்பவாங்குல இருந்த மாதிரி."

தகவல் எங்கிருந்து கசிந்தது என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு உளவாளிதான்.

"அந்தப் பதினொரு வருஷமும் என்ர அப்பா தனிய இருந்தவர்," என்றார். "அம்மா முந்தியே செத்துப்போனா. நான் ஒண்டில் கடல்ல, இல்லாட்டி மாமனார் வீட்டில. ஞாயிறு ஞாயிறு வாறன் எண்டு சொல்லுவன். அவர் ரெண்டு பேருக்குச் சமைச்சு வச்சிட்டு இருப்பார். நான் போனது குறைவு. அதுதான் சம்மந்தி, என்ர பெடியனை விட மனம் வரேல்லை."

பழைய பழக்கம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் மார்சிலிங் என்ன, மகளை எல்லை தாண்டி மலேசியாவுக்கே அனுப்பியிருப்பேன். காலை ஐந்து மணிக்கு ரயிலில் தூங்கி விழும் கவிப்ரியாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

"பிள்ளைங்க தெலுக் பிளாங்காவுலதாங்க இருப்பாங்க," என்றேன். "மாசத்துல ரெண்டு ஞாயிறு உங்க வீட்டுக்கு வருவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"மற்ற ரெண்டு?"

"எங்க வீட்டுக்கு வருவாங்க."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிற ஆட்டல். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அந்த ரெண்டு ஞாயிறும் நீங்களும் வந்துடணும்," என்றேன். "நீங்களும் அவங்களும். நான் சமைச்சு வச்சுருவேன். இதுவும் நிபந்தனைதான். இதுக்கும் முடியாதுன்னு சொல்லக் கூடாது."

அவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்து முழுவதையும் குடித்தார். பிறகு ஆரிஃபிடம் ஆங்கிலத்தில் மூன்றாவது நிபந்தனையை ஒரு வரி விடாமல் சொன்னார். ஆரிஃப் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மூன்று தடவை உறுதிப்படுத்திக்கொண்டு, பேனாவை மூடப்போனவர் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார். ஐந்து ஞாயிறு வருகிற மாதத்துக்கு என்ன செய்வது? உடன்படிக்கையில் ஓட்டை இருக்கக் கூடாது அல்லவா?

நான் அம்பலவாணரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், வரைபடத்தில் இரண்டு கரைக்கும் நடுவே வெறுமையாகக் கிடந்த கடலில் விரலை வைத்தார்.

"அது சர்வதேசக் கடல்," என்றார். "அண்டைக்குப் பிள்ளையளைத் தனிய விட்டிடுவம்."